எஸ்ஆர்எஸ் பணம் ஜனவரியில் ஏறிவிட்டது, வரிக்கழிவு போச்சா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். 2024 டிசம்பர் 31 இரவு பத்தரை மணிக்கு, முதல் தடவையாக சிங்கப்பூரின் எஸ்ஆர்எஸ் கணக்கில் (ஓய்வுக்காலத்துக்காக நாமாகச் சேமிக்கும், வரிச்சலுகை உள்ள திட்டம்) 15,300 வெள்ளி போட்டிருக்கிறீர்கள். வங்கி அறிக்கையில் 2 ஜனவரி 2025 என்று தேதி விழுந்திருக்கிறது. ஏப்ரலில் வரிப் படிவத்தைத் திறந்தபோது எஸ்ஆர்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததைக் கவனிக்காமலே அனுப்பிவிட்டீர்கள். இப்போது வரி நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, "கேட்க மறந்துவிட்டேன், படிவம் அனுப்பும் கெடுவான ஏப்ரல் 18 தாண்டிவிட்டது, ஆட்சேபம் எழுதினால் கழிவு கிடைக்குமா, அந்தப் பணத்தில் ஏற்கனவே யூனிட் டிரஸ்டும் (மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி) வாங்கிவிட்டேனே" என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் ஏப்ரல் 18-ஐ நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. வரிக்கழிவில் இரண்டு கெடு உண்டு. ஒன்று, பணம் உள்ளே போக வேண்டிய கெடு. இன்னொன்று, போன பணத்துக்குக் கழிவு கேட்க வேண்டிய கெடு. இரண்டாவதைத் தவறவிட்டால் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளலாம். முதலாவதைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக்கு எதுவும் செய்ய முடியாது. நீங்கள் தவறவிட்டது முதலாவதை. அதைச் சொல்லிவிட்டு உடனே இதையும் சொல்கிறேன், நீங்கள் நினைக்கும் அளவுக்கு நட்டம் இல்லை, சிலருக்கு நட்டமே இருக்காது. ஏன் என்று கீழே வருகிறேன்.

நான் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலையில் இருக்கிறேன். கடைக்காரர்கள், பிளம்பிங் ஒப்பந்தக்காரர்கள், ஐடி பிள்ளைகள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று எல்லார் படிவமும் மேசைக்கு வரும். வழக்கறிஞர் இல்லை. உங்கள் சம்பளம் தெரியாது, நோட்டீஸையும் பார்க்கவில்லை. அதனால் எதை அடித்துச் சொல்லலாம், எது அதிகாரியின் முடிவைப் பொறுத்தது என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானது இது. எஸ்ஆர்எஸ் கழிவுக்கு நாட்காட்டி ஆண்டுதான் கணக்கு. 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை கணக்கில் ஏறிய பணத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-இல், அதாவது அந்த வருமானத்துக்கு வரி போடும் அடுத்த ஆண்டில், கழிவு. ஜனவரி 2-ஆம் தேதி ஏறியது மதிப்பீட்டு ஆண்டு 2026-க்குப் போய்விடும். எஸ்ஆர்எஸ் கணக்கு வைத்திருக்கும் மூன்று வங்கிகளும், அதாவது டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி, ஆண்டு முடிந்ததும் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தாங்களே அனுப்பிவிடும். நீங்கள் படிவத்தில் கேட்க வேண்டிய வேலையே இல்லை. அந்த இடம் காலியாக இருந்ததற்குக் காரணம் உங்கள் மறதி இல்லை. வங்கியின் பட்டியலில் 2024-க்கு உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். டிசம்பர் 31 என்றால் நள்ளிரவு பன்னிரண்டு வரை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வங்கி நள்ளிரவுக்கு முன்னாலேயே ஒரு நேரம் குறித்திருந்தால், அதற்குப் பிறகு வருவதை அடுத்த வேலைநாள் கணக்கில் வைக்கும். ஜனவரி 1 விடுமுறை, ஆகவே ஜனவரி 2.

இதில் ஊர்ப்பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். தமிழ்நாட்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு வரி என்றாலே மார்ச் 31 ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் அலுவலகத்தில் எண்பது-சி (இந்திய வரிச்சலுகைப் பிரிவு) ரசீது கேட்பார்கள், மார்ச் கடைசி வாரத்தில் ஓடி ஓடி ஏதாவது ஒரு ஃபண்டில் போட்டு முடிப்பார்கள். அதே கணக்கில் இங்கேயும் இருந்துவிடுகிறார்கள். ஒரு மினிமார்ட் முதலாளி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வருஷா வருஷம் எல்லாக் காகிதத்தையும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வருவார். ஒரு தடவை அதிலிருந்து அம்மாவின் மத்திய சேமநிதிக் கணக்கில் ரொக்கமாக நிரப்பிய ரசீதை எடுத்து நீட்டினார். தேதி ஜனவரி 3. "இந்த வருஷத்துக்கு வராதுண்ணே" என்றேன். "மார்ச் வரைக்கும் டைம் இருக்கே தம்பி" என்றார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அந்த ரசீதைத் திரும்ப டின்னிலேயே போட்டு, அடுத்த வருஷத்துக்கு என்று மேலே எழுதிவைத்தோம். (இன்னொன்று, அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: ஊரில் போடும் பிபிஎஃப், ஈஎல்எஸ்எஸ் மாதிரி வரிச்சேமிப்பு எதற்கும் இங்கே கழிவு கிடையாது.)

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு வருஷம் நானே மாட்டிக்கொண்டேன். போனஸ் வரட்டும், வரட்டும் என்று தள்ளிப் போட்டு, டிசம்பர் 31 ராத்திரி பிள்ளைகளோடு பட்டாசு பார்க்கப் போன இடத்தில் செல்பேசியைத் திறந்தால் வங்கிச் செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் 12.04-க்குப் பணம் போனது. மறுநாள் வாடிக்கையாளர் சேவையில் கெஞ்சிப் பார்த்தேன், "தேதியை நாங்கள் மாற்ற முடியாது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

சரி, நட்டக் கணக்குக்கு வருவோம். நீங்கள் போட்ட 15,300 வெள்ளி எங்கேயும் போகவில்லை. அது 2025-ஆம் ஆண்டுப் பணமாக நிற்கிறது, அடுத்த ஆண்டு நோட்டீஸில் கழிவாகத் தானே வந்துவிடும். போனது 2024-ஆம் ஆண்டின் வரம்பு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது ஆண்டுக்கு 15,300, வெளிநாட்டவருக்கு 35,700. பயன்படுத்தாத வரம்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள். 2024-க்கு ஒரு 15,300, 2025-க்குத் தனியாக இன்னொரு 15,300 என்று போடும் அளவுக்குக் கையில் காசு இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் ஒரு வருஷத்துக் கழிவு நிஜமாகவே போய்விட்டது. இருந்திருக்காது என்றால் அதே கழிவு ஒரு வருஷம் தள்ளி வருகிறது. சம்பளம் ஏறி மேல் அடுக்குக்குப் போனீர்கள் என்றால் தள்ளி வருவதே கொஞ்சம் லாபம்.

அடுக்கு என்றேன், எண்களோடு சொல்கிறேன். மதிப்பீட்டு ஆண்டு 2024 முதல் உள்ள விகிதப்படி, எல்லாக் கழிவும் போன பிறகு உங்கள் வருமானம் 40,000-க்கும் 80,000-க்கும் நடுவில் நின்றால் அந்தப் பகுதிக்கு 7 விழுக்காடு. 15,300-க்கு 1,071 வெள்ளி மிச்சம். 80,000-க்கு மேல் 1,20,000 வரை 11.5 விழுக்காடு, மிச்சம் 1,759 வெள்ளி 50 காசு. அதற்கு மேல் 1,60,000 வரை 15 விழுக்காடு, 2,295 வெள்ளி. 40,000-க்குக் கீழே இருப்பவர்களுக்கு 2, 3.5 விழுக்காடுதான். அவர்கள் அறுபது வயது தாண்டும் வரை பணத்தைப் பூட்டிவைத்து இதைச் சம்பாதிக்க வேண்டுமா என்று நான் எப்போதும் கேட்பேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாத் தனிநபர் கழிவும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 வெள்ளிதான் உச்சம், மதிப்பீட்டு ஆண்டு 2018-இல் வந்த விதி. பிள்ளைகளுக்கான கழிவிலேயே அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டால், எஸ்ஆர்எஸில் நேரத்துக்கே போட்டிருந்தாலும் ஒரு வெள்ளிகூடக் குறைந்திருக்காது. கெடு போச்சே என்று அழுவதற்கு முன்னால் அந்தக் கழிவு உண்மையில் உங்களுக்கு வந்திருக்குமா என்று பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

அப்புறம், பணத்தை வெளியே எடுத்து ஏதாவது சரிசெய்யலாமா என்று யோசிக்காதீர்கள். ஓய்வு வயதுக்கு முன்னால் எடுத்தால் எடுத்த தொகை முழுவதும் வருமானமாகச் சேரும், அதோடு 5 விழுக்காடு அபராதம், உங்கள் தொகைக்கு 765 வெள்ளி. உள்ளேயே இருக்கட்டும். யூனிட் டிரஸ்ட் வாங்கியதைப் பற்றியும் கவலை வேண்டாம். கழிவு என்பது கணக்கில் பணம் போட்டதற்குத்தான். அதை எப்போது, எதில் முதலீடு செய்தீர்கள் என்பதற்கும் கழிவுக்கும் சம்பந்தம் இல்லை, முதலீட்டுக்குக் கெடுவும் இல்லை. சும்மா விட்டால் ஆண்டுக்கு 0.05 விழுக்காடு வட்டி, அதாவது உங்கள் 15,300-க்கு வருஷம் முழுக்க ஏழு வெள்ளி அறுபத்தைந்து காசு. அதனால் வாங்கியது நல்லதே.

உங்களுக்கு இது முதல் தடவை என்பதால் ஒரு ஆறுதலான விஷயமும் இருக்கிறது. அபராதம் இல்லாமல் எடுக்கும் வயது, நீங்கள் முதன்முதலில் பணம் போட்ட நாளில் சட்டப்படியான ஓய்வு வயது எதுவோ அதுவே. 2022 ஜூலை 1 முதல் அது 63. 2026 ஜூலை 1 முதல் 64. நீங்கள் போட்டது டிசம்பர் 31 என்றாலும் ஜனவரி 2 என்றாலும் 63 உங்களுக்கு நிலைத்துவிட்டது. பின்னால் அரசாங்கம் எத்தனை ஏற்றினாலும் உங்களைப் பாதிக்காது. அந்த வயதுக்குப் பிறகு எடுப்பதில் பாதிக்குத்தான் வரி, பத்து ஆண்டுகளில் பிரித்து எடுக்கலாம். வேறு வருமானம் இல்லாதவர் ஆண்டுக்கு 40,000 எடுத்தால் பாதி 20,000, அதற்கு வரி பூஜ்யம். எஸ்ஆர்எஸின் பெரிய லாபமே அங்கேதான் இருக்கிறது. இந்த வருஷத்து ஆயிரத்துச் சொச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

இப்போது ஆட்சேபம். நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாள். ஆணையத்தின் இணையதளமான மைடாக்ஸ் போர்ட்டலில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) கொண்டு நுழைந்து அங்கேயே போடலாம். ஆனால் உங்கள் நோட்டீஸில் தவறு எதுவும் இல்லை. ஜனவரிப் பணத்தை 2024-இல் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் அதிகாரி வங்கிப் பதிவைப் பார்ப்பார், இல்லை என்பார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகத்துக்கு இடமுள்ளது ஒரே ஒரு நிலைமை. வங்கி அறிவித்த நேரத்துக்கு முன்னாலேயே நீங்கள் உத்தரவு கொடுத்து, உங்கள் கணக்கிலிருந்து பணமும் கழிந்து, வங்கியின் பக்கம் தாமதமாகி ஜனவரியில் ஏறியிருந்தால், முதலில் வங்கிக்கு எழுதுங்கள். பரிமாற்ற எண், நேரம் தெரியும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) இணைத்து, எழுத்துமூலமான பதில் கேளுங்கள். தவறு தங்களுடையது என்று வங்கி ஒப்புக்கொண்டு பதிவைத் திருத்தினால் அதைக் காட்டி ஆணையத்திடம் கேட்கலாம். அப்படியும் கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இரவு பத்தரைக்கு அனுப்பியிருக்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை, இருந்தாலும் உங்கள் வங்கி குறித்திருந்த நேரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆட்சேபம் போட்டாலும் போடாவிட்டாலும் நோட்டீஸில் உள்ள தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டிவிட வேண்டும். ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது என்று கட்டாமல் விட்டுவிட்டு 5 விழுக்காடு தாமத அபராதம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) வழியாகப் பன்னிரண்டு மாதத் தவணை போட்டுக்கொள்ளுங்கள், வட்டி கிடையாது.

இரண்டாவது வகைக் கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியைத் தேடிக்கொண்டு வருபவர்களில் பலர் அந்த வகைதான். பணம் நேரத்துக்குப் போயிருக்கிறது, கழிவு மட்டும் விட்டுப்போனது. எஸ்ஆர்எஸ், சேமநிதி நிரப்புதல் இரண்டும் தானாக வந்துவிடும், ஆகவே இதில் மாட்டுவது பெரும்பாலும் ஆயுள் காப்பீட்டுக் கழிவு. சேமநிதிச் சந்தா ஆண்டுக்கு 5,000 வெள்ளிக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பது அது, அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்களில் சிலர். 5,000-க்கும் சந்தாவுக்கும் உள்ள வித்தியாசம், காப்பீட்டுத் தொகையில் 7 விழுக்காடு, கட்டிய பிரீமியம், மூன்றில் எது குறைவோ அது. சிங்கப்பூரில் அலுவலகமோ கிளையோ இல்லாத நிறுவனத்தின் பாலிசி எடுபடாது. இதை யாரும் உங்களுக்காக நிரப்ப மாட்டார்கள், நீங்களே கேட்க வேண்டும். "நீங்கள் படிவம் அனுப்பத் தேவையில்லை" என்று கடிதம் வந்தவர்கள் அதை நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கழிவு இருந்தால் அவர்களும் உள்ளே போய் ஏப்ரல் 18-க்குள் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

அதை விட்டவர்களுக்கு 30 நாள் ஆட்சேபம் முதல் வழி. அதுவும் போய்விட்டால் வருமான வரிச் சட்டத்தில் 93ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. படிவத்தில் நேர்ந்த பிழையால் கூடுதலாக வரி கட்டியிருந்தால், அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் எழுதிக் கேட்கலாம். மதிப்பீட்டு ஆண்டு 2021-ஐத் திருத்த வேண்டும் என்றால் 2025 டிசம்பர் 31 வரை. கெடு உறுதி, பலன் உறுதியில்லை. நியாயமாகப் படும் அளவுக்கு நிவாரணம் தரலாம் என்பதே சட்டத்தின் போக்கு, அதனால் அதிகாரி ஏற்றுக்கொள்வது நீங்கள் காட்டும் காகிதத்தைப் பொறுத்தது. என்னிடம் வந்த ஒரு பொறியாளர் மூன்று வருஷமாகக் காப்பீட்டுக் கழிவைக் கேட்கவே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார். ஆண்டுவாரியாகப் பிரீமியச் சான்றிதழ் வாங்கி, ஒரு ஆண்டுக்கு ஒரு பத்தி என்று கடிதம் எழுதினோம், உணர்ச்சி வசனம் ஒன்றும் வைக்கவில்லை. மூன்று ஆண்டுக்கும் திருத்தி மீதிப் பணம் வந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்தது என்பதால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கையில் காகிதம் சுத்தமாக இருந்தது.

உங்கள் விஷயத்தில் நானாக இருந்தால், நோட்டீஸுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, வங்கியிலிருந்து ஜனவரி 2 தேதி உள்ள எஸ்ஆர்எஸ் அறிக்கையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வேன். அடுத்த மார்ச்சில் போர்ட்டல் திறந்ததும் அந்த 15,300 முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அன்றைக்கே வங்கியைக் கூப்பிடுவேன். 2025-க்கான வரம்பு முழுதும் ஜனவரி 2-ஆம் தேதியே நிரம்பிவிட்டது, ஆகவே இந்த டிசம்பரில் நீங்கள் எதுவும் போடத் தேவையில்லை, போடவும் முடியாது. 2026-க்கு உரியதை டிசம்பர் வரை இழுக்காமல் ஜனவரியிலோ, போனஸ் வரும் மாதத்திலோ போட்டுவிடுங்கள். மொத்தமாக முடியாதென்றால் மாதம் 1,275 வெள்ளி, பன்னிரண்டு மாதத்தில் சரியாக 15,300 வரும். நான் அந்த 12.04-க்குப் பிறகு அப்படித்தான் போட்டுவருகிறேன்.

உங்கள் நோட்டீஸில் கழிவு போக மிஞ்சும் வருமானம் எவ்வளவு என்று மட்டும் பெயர், அடையாள எண் எதுவும் இல்லாமல் கீழே எழுதினால், நிஜமாக எத்தனை வெள்ளி தள்ளிப் போனது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.